ட்ரையரைச் சுற்றிப் போன காற்று

மகன்,

சனிக்கிழமை பின்னேரம் நீ கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். இந்தக் கடிதம் உன் மேசையில், திங்கட்கிழமைக்கென்று அம்மா மடித்து வைத்திருக்கும் சேர்ட்டின் மேல் இருக்கும். முழுவதையும் வாசித்துவிட்டு அவளிடம் கேட்பதைக் கேள். வாயால் சொல்லத்தான் இரண்டு தரம் பார்த்தேன். ஒரு தரம் நீ சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்தில் வந்து நின்று, "மகன், அந்த ஃபெக்டரியப் பத்தி ஒரு விசயம்" என்று தொடங்கினேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். "அங்க குளிர் கூட, ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போ" என்று முடித்துவிட்டேன். அறுபத்தாறு வயதாகியும், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லாமல் போயிற்று. அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் நேர்முகத் தேர்வு முடிந்து நீ வந்த நாள் நினைவிருக்கும். புசல்லாவைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேயிலை ஃபெக்டரியில், மெஷின்களுக்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே நீ சொன்னாய்: "அப்பா, அங்க ஒரு பேச்சு இருக்கு. யாராச்சும் வேலைய அரைகொறையா செஞ்சா, 'யோகராஜ் வேல பாக்காத'ன்னு சொல்றாங்க. முன்ன ஒரு கொம்ப்ரசர்காரர் இருந்தாராம். டேங்க்ல தண்ணியத் தொறந்து விடாம தூங்கிட்டாராம். தேயிலத்தூள் எல்லாம் நனஞ்சு, மெஷினும் போச்சாம். புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல அந்தக் கதயத்தான் சொல்லுவாங்களாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அம்மா கறிச்சட்டியை வைத்துவிட்டு எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். நான் தண்ணீரைக் குடித்தேன். யோகராஜ் தூங்கவில்லை, மகன். ஒரு நாளும் அவர் தூங்கவில்லை. அந்த ஃபெக்டரியில் நடந்தது நான் செய்த வேலை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

ட்ரையரைப் பற்றி உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. நீ படித்து வந்தவன். நான் பன்வில தோட்டத்து லயத்திலிருந்து வந்து, கண்டியில் ஒரு கொம்பனி வேனில் ஏறி, பார்த்துப் பார்த்துப் பழகியவன். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். காற்றைக் காய வைக்கிற வேலை என்றேன். உன் தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். தேத்தண்ணீர் வந்த பிறகு விளக்கிச் சொன்னேன்: காற்றை அமுக்கினால் அதோடு அதன் ஈரமும் அமுங்கும், சூடு ஆறியதும் குழாய்க்குள் தண்ணீராக நிற்கும், அது போகக் கூடாத இடத்துக்குப் போகும், அதை வழியிலேயே பிடித்து வெளியே தள்ளுவதுதான் ட்ரையர் என்று. "அப்ப சரி, மாசச் சம்பளந்தானே?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு எத்தனை வகையைப் பார்த்துவிட்டேன். கடுகண்ணாவையில் வாகனத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் கராஜில் உப்புக்கட்டி போட்ட ட்ரையர் இருந்தது. ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானே கரைந்து போகும் சாதி அது. கட்டி குறையக் குறையப் புதிதாகப் போட வேண்டும். முதலாளி மறந்துவிடுவார். பெயிண்ட் அம்மை போட்ட முகம் மாதிரிக் குழிகுழியாக வந்ததும் எனக்கு ஃபோன் வரும். கண்டி டவுனில் ஒரு பல் டொக்டரிடம், உள்ளே நூல் நூலாகக் குழாய் வைத்த சின்ன ட்ரையர். கரண்டும் வேண்டாம், சத்தமும் இல்லை, ஈரம் குழாய்ச் சுவர் வழியாகத் தானே கசிந்து வெளியே போகும். அதற்கு முன்னால் நிற்கும் ஃபில்டரில் எண்ணெய் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பால்மா அடைக்கும் இடத்தில் இரட்டைக் கோபுரம். ஈரம் குடிக்கும் மணிகள் நிரப்பிய இரண்டு தூண்களில் ஒன்று வேலை செய்யும்போது மற்றது தன்னைக் காய வைத்துக்கொள்ளும். உனக்கு நெஞ்சுச் சளி பிடித்த காலத்தில் நானும் அம்மாவும் மாறி மாறித் தூங்கியது அப்படித்தான். சின்ன ட்ரையர்களில் இருந்து கழித்த நீல மணிகளை நான் வீட்டுக்குக் கொண்டு வருவேன். ஈரம் குடித்தால் அவை இளஞ்சிவப்பாக மாறும். அம்மா அதைத் துணியில் முடிந்து அலுமாரியில் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைப்பாள். மழை மாதத்தில் நிறம் மாறிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே நீ ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அலுமாரியைத் திறப்பாய், அதனாலேயே அது சீக்கிரம் மாறிவிடும்.

தேயிலை ஃபெக்டரியில் இருந்தது குளிரூட்டும் ட்ரையர். ஃபிரிஜ் மாதிரிதான். வரும் காற்றைக் குளிரவைத்து, ஈரத்தைத் தண்ணீராக்கி அடியால் வெளியேற்றும். அங்கே கலர் சோர்ட்டர் புதிதாக வந்திருந்த நேரம். தூளோடு விழும் தண்டையும் நாரையும் கமெரா கண்டுபிடிக்க, ஊசி வாய் மாதிரிக் குழாய் ஒன்று காற்றை ஊதி அதை ஒதுக்கித் தள்ளும். ஊதுகிற காற்றில் ஈரம் இருந்தால் தூளில் ஈரம் ஏறும், மெஷினின் வால்வுகள் துருப்பிடிக்கும். புசல்லாவை மூடுபனியில் அந்த ட்ரையர் இல்லாமல் அந்த மெஷின் ஒரு கிழமை தாங்காது.

ஒரு புதன்கிழமை அங்கிருந்து அழைப்பு வந்தது. சோர்ட்டருக்குக் காற்று போதவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தால் ட்ரையரின் குளிர் அளவுக்கு மிஞ்சி, உள்ளே ஐஸ் கட்டிக் காற்றுப் பாதையை அடைத்திருந்தது. ஒரு வால்வை மாற்ற வேண்டும். அது கையில் இல்லை. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தலைக்கு மேல் நின்றார். மெக்கானிக்கை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "பாஸ், நாளைக்கு லொறி போவணும். எப்பிடியாச்சும் ஓட விடுங்க." நான் பைபாஸைத் திறந்தேன். ட்ரையருக்குப் போகும் வழியையும் வரும் வழியையும் மூடி, காற்றை அதைச் சுற்றி நேரே சோர்ட்டருக்கு விட்டேன். வெள்ளிக்கிழமை வால்வோடு வந்து மாற்றிவிடலாம் என்பது கணக்கு. இரண்டு நாளில் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. அதுவரை நான் செய்ததில் தப்பில்லை, எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்திருப்பான்.

தப்பு புத்தகத்தில் நடந்தது. எங்கள் கொம்பனியில் எல்லோருக்கும் ஒரு பழக்கம். ஒரே வேலைக்கு இரண்டு தரம் மலை ஏறினால் ஒஃபிஸில் கேள்வி வரும் என்று, அரை வேலை முடிந்த அன்றே சேவிஸ் புத்தகத்தில் 'ட்ரையர் பார்க்கப்பட்டது, ஓகே' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். மிச்சத்தை அந்தப் பக்கம் போகும்போது சத்தமில்லாமல் செய்து முடிப்போம். நானும் எழுதினேன். டீமேக்கர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது கொம்ப்ரசர் பார்க்கும் யோகராஜ் கேட்டார், "பாஸ், இந்தக் கைப்பிடி மாறியிருக்குதே, இப்பிடியே இருக்கட்டுமா?" அவர் மட்டுந்தான் கவனித்தவர். நான் சொன்னேன், "தொடாதீங்க. வெள்ளிக்கிழம நானே வந்து மாத்துறேன்." ஐஸ் கரைந்ததும், புத்தகத்துக்குப் பொருத்தமாக, ட்ரையரைப் போட்டு வைக்கவும் சொன்னேன். அவர் சொன்னபடி செய்தார். உள்ளே காற்றே போகாத ட்ரையர் சும்மா குளிர்ந்துகொண்டிருந்தது, அதன் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரி.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். புத்தகத்தில் ஓகே என்று இருந்ததால் ஒஃபிஸில் யாருக்கும் அந்த வேலை நினைவில் இல்லை. அடுத்து வந்தது ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம், கோயிலும் குடும்பமுமாகப் போயிற்று. மகன், எனக்கு அது மறந்தே போய்விட்டது. இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பதினெட்டாம் நாள் கொம்பனிக்கு ஃபோன் வந்தது: தூள் பூஞ்சண வாடையோடு திரும்பி வந்திருக்கிறது, சோர்ட்டரின் வால்வுகள் இறுகிவிட்டன, விசாரணைக்கு மெக்கானிக்கை அனுப்புங்கள். வேன் கம்பளை தாண்டும்போதுதான் அந்தக் கைப்பிடி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. 

ஃபெக்டரிக்குப் போனதும் ஒஃபிஸுக்குப் போகவில்லை. நேரே கொம்ப்ரசர் அறைக்குப் போனேன். யாரும் இல்லை. பைபாஸை மூடினேன், மற்ற இரண்டையும் திறந்தேன். மூன்று கைப்பிடி, அரை நிமிட வேலை. அதன் பிறகு ஒஃபிஸில் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். தோட்டத்தை நடத்தும் துரை புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, ட்ரையரில் பிழை இருக்கிறதா என்று கேட்டார். இப்போதே வந்து பாருங்கள், சரியாக இருக்கிறது என்றேன். வந்து பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது, மறுபடி ஐஸ் கட்டுவதற்குள் பழுதான வால்வையும் மாற்றிவிட்டேன். அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கொம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரை யோகராஜ் திறந்து விடவில்லை, வேறென்ன என்று அவர்களே முடிவு கட்டினார்கள். யோகராஜ் என் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. "ஐயா, ஒரு நாளைக்கு ஆறு தரம் தொறந்தேன். பாஸ்தான் கைப்பிடியத் தொட வேணாம்னு சொன்னாங்க" என்றார். துரை என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: "ட்ரையரத் தொட வேணாம்னு எல்லா எடத்துலயும் எல்லாருக்கும் சொல்றதுதாங்க சேர்." பார், ஒரு சொல்லும் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். யோகராஜ் என்னை ஒரு தரம் பார்த்தார். 

அவரை ஃபெக்டரியிலிருந்து எடுத்து மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டார்கள். மெஷின் சத்தத்துக்குள் கால்சட்டையோடு நின்ற மனுசன், மழையில் மண்வெட்டியோடு, அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் பார்க்க நின்றார். இரண்டு வருடம் தாங்கினார் என்று கேள்வி. பிறகு தோட்டத்தை விட்டே போய்விட்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளிடம் எதையும் மறைக்க எனக்கு வராது. "நாளைக்கே போய்ச் சொல்லுங்க" என்றாள். நான் உன்னைக் காட்டினேன். நீ ஓ/எல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். வேலை போனால் டியூஷன் எப்படி, வீட்டு வாடகை எப்படி, பிள்ளையின் படிப்பு என்ன ஆவது என்று கேட்டேன். அவள் உனக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள். உனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தப் பொய்க்கு நான் உன்னைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். நீ நல்லாய்ப் பாஸ் பண்ணினாய். அதற்கும் பிறகு நீ ஏ/எல், அதற்கும் பிறகு கெம்பஸ். எனக்குக் காரணம் குறையவே இல்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார், "அந்த ஆளைப் போய்ப் பார்" என்றார். சொன்ன செபங்களை எல்லாம் சொல்லி முடித்தேன், ஆளைப் பார்க்கப் போகவில்லை. யாராவது ஏமாற்றினார்கள் என்று உனக்குக் கோபம் வரும்போது, "அப்பா மாதிரி நேர்மையா யாரும் இருக்க மாட்டாங்க" என்று கூட்டாளிகளிடம் சொல்வாயே, அந்த நேரமெல்லாம் அம்மா என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்புவாள். அவள் இன்னொரு தரம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நீ அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த பிறகு என்னால் முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புசல்லாவை பஸ் ஏறினேன். யோகராஜை விசாரித்துக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. டவுனுக்கு வெளியே டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. மூலையில் ஒரு சின்னக் கொம்ப்ரசர். நான் போய் நிற்கும்போது அவர் குனிந்து டேங்கின் அடியைத் திறந்து தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். மூடிவிட்டு, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சுவர் நிறையக் கோடுகள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. யாரும் வந்து கேட்கப் போகாத கடையில், தன் வேலையைத் தான் செய்ததற்கு அவர் சாட்சி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவருக்கு என்னைத் தெரிந்தது. "வாங்க பாஸ், ஒக்காருங்க" என்று கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பைபாஸ், புத்தகம், விசாரணை நாள், மூன்று கைப்பிடி. அவர் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "தெரியுங்களே" என்றார். "வெசாரணைக்கு முந்தி காலையில கைப்பிடி இருந்த மாதிரி, நீங்க வந்து போன பொறகு இல்ல. அன்னைக்கே பாத்துட்டேன்." மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையால் நிறுத்தினார். "எங்கிட்ட சொல்லி என்னங்க பாஸ்? நான் தூங்கலன்னு எனக்குத் தெரியாதா? எம் பொஞ்சாதிக்குத் தெரியாதா? தெரியாதவங்க அங்கதானே இருக்காங்க. அங்க போய்ச் சொல்லுங்க." குரல் உயரவில்லை. ஒரு லொறிக்காரர் டயரை உருட்டிக்கொண்டு வந்தார், யோகராஜ் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் குடித்துவிட்டு, கடன் தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அதனால்தான் இன்று நான் வீட்டில் இல்லை. இப்போதைய துரைக்கு ஃபோன் பண்ணி, சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு வரச் சம்மதம் வாங்கிவிட்டேன். பழைய டீமேக்கர் இல்லை, ஆனால் அன்று ஃபெக்டரியில் இருந்த நாலைந்து பேர் இன்னும் வேலை செய்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். அவர்கள் முன்னால் சொல்லப் போகிறேன், எழுதியும் கொடுக்கப் போகிறேன். யார் பேசுவது, எங்கள் புது ஆளின் அப்பாவா என்று துரை கேட்டார். ஆமாம் என்றேன். உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை, மகன். கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லக்கூடும், நான் மறுபடியும் உன்னைக் காரணமாகப் பிடித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவேன். போ என்று நீ சொன்னாலும் அது உன் நல்ல குணத்தால் நடந்ததாகிவிடும். இது என் வேலை, முடிக்காமல் வைத்த வேலை. இதனால் திங்கட்கிழமை உனக்கு அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வேலையே இல்லை என்று சொல்லலாம். வேலை கொடுத்து முதுகுக்குப் பின்னால் பேசலாம். நீ உழைத்துத் தேடிக்கொண்ட இடத்தை நான் கெடுத்ததாகத்தான் இருக்கும். அதற்கு என்னிடம் ஈடு எதுவும் இல்லை.

வேலையில் சேர்ந்தால், ஒன்றே ஒன்று. புத்தியாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேள். பைபாஸைத் திறக்க வேண்டிய நாள் உனக்கும் வரும். ஐஸ் கட்டும், லொறி நிற்கும், மேலே உள்ளவர் அவசரப்படுத்துவார். திற. திறந்ததை அப்படியே எழுது. வெள்ளிக்கிழமை செய்யப் போகும் வேலையைப் புதன்கிழமை எழுதாதே. மறதி எல்லோருக்கும் வரும். புத்தகத்தில் உண்மை இருந்தால் உன் மறதியை இன்னொருவர் பிடித்து நிறுத்துவார். கொம்ப்ரசர் பார்ப்பவர் ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல்லு. தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே.

ஏழு மணி பஸ்ஸில் வந்து சேருவேன் என்று நினைக்கிறேன். அங்கே அவர்கள் ஏசினால் கேட்டுக்கொள்ளலாம், அதற்குப் பயம் இல்லை. நான் கதவைத் திறந்து வரும்போது நீ எந்தப் பக்கம் பார்ப்பாய் என்பதுதான் பயம். கோபம் வந்தால் கோபப்படு, பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. பரவாயில்லை அப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவர் புசல்லாவையில் இருக்கிறார், அவர் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாயானால், அது போதும் எனக்கு.

அப்பா